புதுச்சேரி, தரங்கம்பாடி: பழைய வீடுகளை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

புதுச்சேரியில் பழைய வீடுகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கடற்கரைச் சாலையில் தொடங்க வேண்டாம். பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் கால்வாயைத் தாண்டி மேற்கே, தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில் தொடங்குங்கள். பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்கள் அழகுதான். ஆனால் அங்கே தெருவில் நிற்பவருக்குக் கிடைப்பது உயரமான மதிலும் கதவும் மட்டும். தோட்டமும் தூண் வரிசையும் மதிலுக்கு உள்ளே. தமிழ் வீடு அப்படியில்லை. தன் பாதிக் கதையைத் தெருவிலேயே சொல்லிவிடும்.

வாசலில் முதலில் வருவது தாழ்வாரம். மரத்தூண்கள் தாங்கும் சரிவான ஓட்டுக்கூரை, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடம். அதையடுத்துத் திண்ணை, வந்தவர் உட்காருவதற்கு. பிறகு நடை, முற்றம், கூடம். வாசலில் நின்றால் முற்றத்து வெளிச்சம் ஒரே கோட்டில் தெரியும்படி பல வீடுகளில் கதவுகளை நேருக்கு நேர் வைத்திருப்பார்கள். காற்று ஓடுவதும் அந்த வழியில்தான். சாலையை அகலப்படுத்தியபோதும், வண்டி நிறுத்த இடம் தேடியபோதும் முதலில் பலியானது தாழ்வாரம். வைசியாள் வீதியில் வரிசையாகப் பல வீடுகளின் முகப்பைச் சீரமைத்திருப்பதால், தொடர்ச்சியான தாழ்வாரம் ஒரு தெருவுக்கு எப்படி நிழல் கொடுக்கும் என்பதை அங்கே நேரில் காணலாம்.

திண்ணைக்கு ஏறும் படிகளைக் கவனியுங்கள். பல இடங்களில் கடைசிப் படி பாதி புதைந்திருக்கும், சில வீடுகளில் படியே இருக்காது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. விளைவு, முற்றத்து மழைநீர் தெருவுக்கு வடிந்த காலம் போய், தெருநீர் முற்றத்துக்குள் திரும்புகிறது. சுவரின் அடிப்பாகம் ஈரத்திலேயே நிற்கிறது. இந்த வீடுகள் கெடுவதற்குக் கடலைவிடச் சாலைதான் பெரிய காரணமோ என்று நினைக்கும் அளவுக்கு இது பரவலாக நடக்கிறது.

ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையும் இந்தப் பகுதியில்தான், பெரிய மார்க்கெட்டுக்கு அருகில். பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். வீட்டின் கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள், மேல்தளத்தில் வெள்ளைச் சுதைபூசிய கட்டுத்தூண்கள். ஒரே கட்டடத்தில் கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. இதைப் பார்த்துவிட்டால், ஊரில் மற்ற மாடிவீடுகளிலும் இந்தச் சேர்க்கை உடனே கண்ணில் படும்: கீழே திண்ணை, மேலே வளைவுச் சன்னலும் கைப்பிடிச் சுவரும்.

அதன்பிறகு கால்வாயைக் கடந்து கிழக்கே போகலாம். ஒன்றை மனத்தில் வையுங்கள். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் ஐரோப்பியர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மீண்டும் கட்டத் தொடங்கியது 1765-ல். ஆகவே அங்குள்ள ஒரு வீட்டைக் காட்டி, முந்நூறு ஆண்டுப் பழமை என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி சுவர். பழைய வீட்டைப் பார்ப்பதில் பாதி வேலை சுவரைப் பார்ப்பதுதான். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டி, மேலே சுண்ணாம்புப் பூச்சு. நல்ல வீடுகளில் கிளிஞ்சல் சுண்ணாம்போடு கடுக்காய் ஊறிய நீர், வெல்லம், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உள்வாங்கித்தான் இறுகும். அதற்குக் காலம் வேண்டும். ஒரு பூச்சு ஆறுவதற்குள் அடுத்ததைப் போட்டால் வெடிக்கும், பிரியும்.

இந்தச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசுவதுதான் கடலோரத்தில் நடக்கும் பெருந்தவறு. நிலத்தடி ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறும்; உப்புக்காற்றும் தன் பங்குக்குச் சேர்க்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு மேற்பரப்பில் பூக்கும், பூச்சு பொடியும். பொடிந்ததைத் தட்டிவிட்டு மறுபடி பூசினால் போதும், உள்ளே செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமெண்டோ ஈரத்தை அடைத்துவைக்கிறது. உப்பு உள்ளேயே படிகமாகி, செங்கல்லையே மாவாக்குகிறது. ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) அடிக்கிறது என்று தரையிலிருந்து மூன்றடிக்குச் சிமெண்ட் பூசிய சுவர்களைப் பாருங்கள். அந்தப் பட்டைக்கு மேலே, நாலடி ஐந்தடி உயரத்தில் புதிதாக ஈரக்கறை இருக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் மேலேறிவிட்டது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெயிண்டும் இதே கெடுதலைச் செய்யும். கொப்புளம் கொப்புளமாக உரிந்திருந்தால் காரணம் அதுதான்.

உள்ளே விட்டால் அண்ணாந்து பாருங்கள். தேக்குச் சட்டங்களுக்கு இடையில் சின்னச் செங்கற்கள் சாய்வாக, கோணல் வரிசையில் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய வகை மாடித்தளம். ஏறக்குறைய ஓர் அங்குலமே தடிமன் உள்ள கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, மேலே மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டை ஓடுகளைப் பதிப்பார்கள். நன்றாகச் செய்த தளம் பல தலைமுறை தாங்கும். கெடுவது பெரும்பாலும் சட்டத்தின் முனையில். சுவருக்குள் புதைந்த பகுதி ஈரம் கண்டு உளுக்கும், கரையான் ஏறும். கைப்பிடிச் சுவர் சேருமிடத்தில் கறை இருக்கிறதா, நடுவில் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகுகிறது என்று மேலே கான்கிரீட் போட்டிருந்தால், உளுத்த சட்டம் அந்தப் பாரத்தையும் சுமக்கிறது என்று அர்த்தம்.

புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுவில் நிறுத்தாமல் போனால் மூன்று மணி நேரத்துக்குள் சேரலாம். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். புதுச்சேரியைவிடச் சின்னது, அமைதியானது. வீடுகளைப் பார்க்க எனக்கு இதுதான் மேல். நகர வாயிலில் நுழைந்து ராஜ வீதியில் நேராக நடந்தால் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், தூண் வராந்தா வைத்த பெரிய வீடுகள், பிறகு மைதானம், அதற்கப்பால் டேன்ஸ்போர்க் கோட்டை. பெரிய கட்டடங்களோடு நிறுத்திவிடாமல் கோல்ட்ஸ்மித் தெருவுக்கும் போங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அங்கே சிறிய ஓட்டு வீடுகளைச் சீரமைத்தது. சாதாரணக் குடும்பம் வாழும் அளவில் ஒரு பழைய வீட்டை எப்படிக் காப்பாற்றலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இந்தக் கரையில் இல்லை.

கடலரிப்பைப் பார்க்க மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போக வேண்டும். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பாண்டியர் காலக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

ஜனவரி முதல் மார்ச் வரை வசதியான காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஓதத்தைப் படிக்க நினைப்பவருக்கு மட்டும் மழை முடிந்த கையோடு வருவது லாபம், கறைகள் அப்போது தெளிவாக இருக்கும். காலை ஏழு முதல் ஒன்பதரை வரை நடங்கள். திண்ணையில் உட்காரும் முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், நடைக்குள் கேமராவை நீட்டாதீர்கள். சுவரைச் சுரண்டிப் பார்ப்பது கூடவே கூடாது. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வழக்கமாக வெள்ளிக்கிழமை விடுமுறை, புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள். நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடிக்கு இப்போது ரயில் இல்லை. காரைக்காலிலோ மயிலாடுதுறையிலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். காரைக்கால்தான் பக்கம்.