இரண்டரை மில்லிமீட்டர் ஓட்டை

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை கைடு திருப்பிக் கொடுத்தபோது கணக்கில் ஒரு தப்பும் இல்லை. பாய்வுப்படத்தில்தான் சிவப்பு மையில் ஏழு வட்டம். ஓரத்தில் ஒரு வரி: ‘ஒரு அம்பும் ஒழுங்காகத் தொடவில்லை.’

நியூட்டன்-ராப்சன் முறையில் லோடு ஃப்ளோ, அதாவது மின்கட்டமைப்பில் மின்சாரம் பாயும் கணக்கு, போடும் படம் அது. தரவைப் படி, ஒய்-பஸ் (கட்டமைப்பின் இணைப்புகளைச் சொல்லும் அணி) அமை, மின்னழுத்தங்களை ஊகி, மிஸ்மேட்ச் (கொடுத்த மின்திறனுக்கும் கணக்கில் வந்ததற்கும் உள்ள வித்தியாசம்) பார், குவிந்ததா என்று கேள். இல்லையென்றால் எவ்வளவு திருத்துவது என்று காட்டும் ஜேக்கோபியன் அணியைப் போட்டு மதிப்பைத் திருத்திக்கொண்டு மேலே திரும்பு. ஆவணங்களை அச்சுக்கோக்கும் லேடெக்கில், கட்டளைகளாலேயே படம் வரையும் டிக்-இசட் வைத்து வரைந்திருந்தேன். பெட்டிகள் பத்து நிமிடத்தில் முடிந்தன. அம்புகள் இரண்டு இரவைத் தின்றன.

முதல் கோளாறு இரவல் வாங்கியது. சீனியர் அண்ணன் ஒருவரின் பழைய கோப்பிலிருந்து ‘ரைட் ஆஃப் =’ (இன்ன பெட்டிக்கு வலப்பக்கம் வை) என்று அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அது பெட்டியின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கும். பெட்டிக்குள் வாக்கியம் நீண்டால் இரண்டு பெட்டிகளும் முட்டிக்கொள்ளும், அம்புக்கு இடமே இருக்காது. டிக்-இசட்டின் துணைத்தொகுப்பான பொசிஷனிங் நூலகத்தை அழைத்து, சமக்குறியை இடம் மாற்றி ‘ரைட் = ஆஃப்’ என்று எழுதினால் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்கிறது. பழைய முறை வேண்டாம் என்று கையேட்டிலேயே இருக்கிறதாம். 1300 பக்கத்தைத் தாண்டும் கையேட்டில் அந்தப் பக்கம் என் கண்ணில் படவில்லை.

அடுத்தது திரும்பிப் போகும் அம்பு. நேர்க்கோட்டுக் குறியான -- மட்டும் போட்டால் பெட்டிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்வாக ஓடியது. |- என்றால் முதலில் செங்குத்து, பிறகு கிடை. -| என்றால் நேரெதிர். குறியைப் பார்த்தாலே புரிகிறது, யாராவது சொன்ன பிறகு! பெட்டியின் மேற்கு முனையிலிருந்து ++ போட்டு ஒன்றரை சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தி, அங்கிருந்து |- கொடுத்தேன். ஒழுங்காக வளைந்து ஏறியது. ஆனால் இந்த மாதிரிக் கோட்டில் ‘ஆம்’, ‘இல்லை’ எழுதும்போது கவனம். நடுப்புள்ளி என்பது சரியாக அந்த மூலைதான், எழுத்து அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ‘நியர் ஸ்டார்ட்’ கொடுத்தால் முதல் துண்டின் நடுவுக்கு வந்துவிடும்.

இதற்கிடையே, கட்டளையின் கடைசியில் வரவேண்டிய அரைப்புள்ளி ஒன்றை விட்டுவிட்டேன். ‘இந்தப் பாதையைக் கைவிடுகிறேன்’ என்று பிழைச்செய்தி வந்தது. எனக்கும் அப்போது அதே எண்ணம்தான்.

உண்மையான வில்லன் கடைசியில் வந்தான். திரும்பி வரும் அம்பு, மிஸ்மேட்ச் பெட்டிக்கு மேலே இறங்கும் கோட்டில் சேர வேண்டும். சேரும் இடத்தில் வெற்று நோட் (எழுத்தில்லாத பெட்டி) ஒன்றை வைத்திருந்தேன். அங்கே நேர்க்கோடும் அறுந்தது, பக்கவாட்டு அம்பும் எட்டாமல் நின்றது. கோட்டின் முனையைக் குறைக்கும் ‘ஷார்ட்டன்’ அளவை மைனஸில் கொடுத்து இழுத்து ஒட்டினேன். எழுத்தின் அளவை மாற்றியதும் மறுபடி விட்டுப்போனது.

எரிச்சலில் அந்த வெற்று நோடுக்கு ஓரக்கோடு போடும் ‘டிரா’ சேர்த்துப் பார்த்தேன். ஒரு குட்டிச் சதுரம் முளைத்தது. கோடுகளெல்லாம் அதன் சுவரில் வந்து நின்றிருந்தன. உள்ளே எழுத்தே இல்லாவிட்டாலும் நான்கு பக்கமும் ‘இன்னர் செப்’ என்ற உள் இடைவெளி இடம் விடுகிறது. 12 புள்ளி எழுத்தில் அந்த ஓட்டை மொத்தம் இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

நோடுக்குப் பதில் ‘கோஆர்டினேட்’. அவ்வளவுதான் வைத்தியம். அதற்கு அளவே கிடையாது, வெறும் புள்ளி. இன்னும் வசதி, மேலிருந்து கீழே ஒரே கோடாக வரைந்து, அந்த -- குறிக்குப் பின்னாலேயே கோஆர்டினேட்டை எழுதிவிட்டால் தானாக நடுவில் போய் நிற்கிறது.

அந்த அண்ணனின் கோப்பை இப்போது என் ஜூனியர் கேட்டான். சமக்குறியை மாற்றிவிட்டுத்தான் அனுப்பினேன்.