எண்ணெய்த் துளி எல்லாம் ஒரே சைஸ்ல வேணுமா? மெம்ப்ரேனை முதல்ல தண்ணி பக்கம் சேருங்க

எண்ணெயைத் தண்ணில கலந்து எமல்ஷன் பண்ணணும்னா உடனே எல்லாரும் ஹோமோஜெனைசரைத்தான் தேடுவாங்க. வேகமா சுத்தவிட்டு அடிச்சு நொறுக்கி வெள்ளை வெளேர்னு ஆனதும் முடிஞ்சதுன்னு எடுத்துடுவாங்க. அதுலேருந்து ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்ல வச்சு பாருங்க, ஒண்ணு அரை மைக்ரான், பக்கத்துலயே ஒண்ணு பத்து மைக்ரான், நடுவுல மீதி எல்லா சைஸும் இருக்கும். கைக்கு தடவுற க்ரீமுக்கு இது போதும். மருந்தை உள்ள வச்சு சீரா வெளிய விடணும், இல்ல துளியை அப்படியே கெட்டியாக்கி ஒரே அளவு மணியா எடுக்கணும்னா சுத்தமா சரிப்படாது.

மெம்ப்ரேன் முறைல யாரும் எதையும் உடைக்கிறதில்ல. மெம்ப்ரேன்னா இங்க சின்னச் சின்ன துளை இருக்கிற ஒரு கண்ணாடி ட்யூப், அதோட சுவர் வழியா எண்ணெயை மெதுவா தள்ளுவாங்க, வெளிப்பக்கம் சர்ஃபாக்டன்ட் (எண்ணெயும் தண்ணியும் சேந்து நிக்க உதவுற சோப்பு மாதிரி பொருள்) கலந்த தண்ணி ஓடிட்டே இருக்கும், துளை வாய்ல துளி உருண்டு கழண்டு போகும். 1980கள்ல ஜப்பான்ல மியாசாகில நகாஷிமா, ஷிமிசுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பண்ணின வேலை இது. தெற்கு கியூஷுல எரிமலை கக்கின ஷிராசுன்னு ஒரு சாம்பல் மண் மலை மலையா கிடக்கு, நெல் விவசாயத்துக்கு லாயக்கில்ல, மழை பேஞ்சா சரிஞ்சு விழும். அந்த மண்ணோட சுண்ணாம்பும் போரிக் ஆசிடும் சேத்து உருக்கி, மறுபடி சூடு காட்டினா கண்ணாடிக்குள்ளயே ரெண்டு பகுதி தனித்தனியா பிரியும். போரான் அதிகமா இருக்கிற பகுதியை ஆசிட்ல கரைச்சு எடுத்துட்டா மிச்சம் நிக்கிறதுல துளை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான், ஒண்ணுக்கும் உதவாதுன்னு கிடந்த மண்ணுலேருந்து இவ்வளவு நுணுக்கமான ஒரு பொருள்.

துளியோட விட்டம் துளை விட்டத்துல சுமார் மூணு மடங்கு வரும், அதனால 5 மைக்ரான் துளைன்னா 15 மைக்ரான் பக்கம் எதிர்பாக்கலாம். ஆனா துளை அளவை மட்டும் பாத்து மெம்ப்ரேன் வாங்கறவங்களுக்கு நான் சொல்றது, சர்ஃபாக்டன்ட்டை முதல்ல முடிவு பண்ணுங்க. கண்ணாடி மேல தண்ணிதான் பரவணும், எண்ணெய் பரவக்கூடாது. கண்ணாடிக்கு நெகட்டிவ் சார்ஜ், சிடிஏபி மாதிரி பாசிட்டிவ் சர்ஃபாக்டன்ட் போட்டா அது தலையைக் கண்ணாடில ஒட்டிக்கிட்டு வாலை வெளிய நீட்டிடும், அப்புறம் அந்த பரப்பே எண்ணெய் பக்கம் சாஞ்சுடும், துளி கழண்டு வராம ஒண்ணோட ஒண்ணு சேந்து கண்டபடி சைஸ்ல வரும். நெகட்டிவ் சார்ஜ் இருக்கிற எஸ்டிஎஸ், சார்ஜே இல்லாத ட்வீன் 20 மாதிரி சர்ஃபாக்டன்ட்ல அந்த தொல்லை இல்ல.

ரன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சுண்டு விரல் தடிமன் ட்யூபை அதே சர்ஃபாக்டன்ட் தண்ணில போட்டு சோனிகேட்டர்ல (ஒலி அலையால அதிர வைக்கிற தொட்டி) வைப்பேன், சுவர்லேருந்து பொடிப்பொடியா காத்துக்குமிழி கிளம்பி வரும், அது மொத்தமா நிக்கிற வரைக்கும் எடுக்க மாட்டேன், ஏன்னா காத்து அடைச்ச துளைக்குள்ள தண்ணி போகாது, அப்புறம் எண்ணெய் முந்திக்கும். பிரஷரை கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். 1 மைக்ரான் துளை, இன்டர்ஃபேஷியல் டென்ஷன் (எண்ணெயும் தண்ணியும் தொடுற இடத்துல இருக்கிற இழுவிசை) மீட்டருக்கு 10 மில்லிநியூட்டன்னா கணக்குப்படி 40 கிலோபாஸ்கல் தாண்டினாத்தான் எண்ணெய் எட்டிப் பாக்கும். ட்யூப் மேல லேசா வெள்ளைப் புகை மாதிரி கிளம்பும், பிரஷரை ஏத்துறதை அங்கயே நிறுத்திடணும். அவசரப்பட்டு இன்னும் ஏத்தினா, சொட்டு சொட்டா விழுந்த குழாயைத் திறந்துவிட்ட கதைதான், துளி போய் நூலா ஓட ஆரம்பிச்சுடும்.

நேரம் எடுக்கும், அது உண்மை. வேகம் வேணும்னா 1996ல சுசுகி குழு காட்டின ப்ரீமிக்ஸ் வழி இருக்கு, முதல்ல கரடுமுரடா ஒரு எமல்ஷன் பண்ணி அதையே மெம்ப்ரேன் வழியா தள்ளுறது, தேவைப்பட்டா திரும்பத் திரும்ப தள்ளலாம். சட்டுனு முடிஞ்சுடும், ஆனா துளை சீக்கிரம் அடைச்சுக்கும், சைஸும் அந்த அளவுக்கு சீரா வராது. நல்ல சாம்பிள் வேணும்னா நான் இன்னமும் மெதுவான வழிதான்.

வேலை முடிஞ்சதும் ட்யூபை நல்லா கழுவி காய வச்சு ஒரு சொட்டு தண்ணி விட்டு பாப்பேன். சட்டுனு உறிஞ்சினா அடுத்த ரன்னுக்கு எடுத்துக்கலாம், மேலயே முத்தா நின்னா உள்ள எண்ணெய் இன்னும் இருக்கு, திரும்பவும் கழுவணும்.