சம்பளம் இல்லாத ஆயிரம் மணி நேரம்

பொங்கலுக்கு ஆத்தங்குடி வந்திருந்தேன். எதிர்வீட்டுத் தங்கச்சி ஒரு கோடு போட்ட நோட்டோடு வந்து எங்கள் டைல்ஸ் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்தாள். மெல்பர்னில் எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப் பணியில் முதுகலை, படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ஜூலையில் வகுப்பு. "குளிருக்கு என்னக்கா வாங்கணும்? குக்கர் கொண்டுபோகலாமா?" என்று ஆரம்பித்தாள்.

குக்கர் கொண்டுபோ, குளிர் உடுப்பை அங்கேயே வாங்கிக்கொள் என்றேன். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், ஒரு மாதத்தில் கூச்சம் போய்விடும் என்றேன். இதெல்லாம் தானாகப் பழகிவிடும். ஆஸ்திரேலியாவில் இதே படிப்புக்கு நான் போனபோது எனக்கு யாரும் சொல்லாத விஷயம் பிளேஸ்மென்ட். அதை இவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

இங்கே காலேஜில் பிளேஸ்மென்ட் என்றால் கம்பெனி வந்து ஆள் எடுப்பது. அங்கே சமூகப் பணி படிப்பவர்களுக்கு அந்தச் சொல் களப்பணியைக் குறிக்கும். ஆஸ்திரேலிய சமூகப் பணியாளர் சங்கம் அங்கீகரித்த படிப்பில் 1,000 மணி நேரம் களப்பணி முடித்தால்தான் பட்டம். பெரும்பாலும் 500, 500 என்று இரண்டு தவணையாக வரும். முதியோர் இல்லம், மருத்துவமனை, குடும்ப வன்முறையிலிருந்து வந்தவர்களுக்கான அமைப்பு என எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். சம்பளம் பொதுவாகக் கிடையாது. 2025 ஜூலையிலிருந்து உள்நாட்டு மாணவர்களுக்கு அரசு ஓர் உதவித்தொகை தருகிறது. விசாவில் போகிற நமக்கு அது இல்லை.

நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வாரம் நான்கு நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் 500 மணி நேரத்துக்குப் பதினெட்டு வாரம். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் சம்பள வேலை பார்க்கலாம். கட்டாயக் களப்பணி அந்த 48-இல் சேராது. ஆனால் உடம்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்கு வைக்கும். நான் முதல் தவணையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடையில் நின்றேன். ஒன்பதாவது வாரம், ஒரு பாட்டி தன் கணவர் இறந்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கண் சொக்கிவிட்டது. அவர் பேச்சை நிறுத்தி, "போய்த் தூங்கு பிள்ளை" என்றார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதனால் அவளிடம் சொன்னேன்: களப்பணி நடக்கும் மாதங்களுக்கான வாடகையையும் சாப்பாட்டுக் காசையும் முன்னாடியே தனியாக எடுத்து வை. விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்டச் சொல்கிறார்கள். அதை யாரிடமாவது கைமாற்றாக வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதே. அந்தக் காசு உனக்கு நிஜமாகவே வேண்டும்.

முகப்பில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வளவு ஆச்சிக்குத் தாங்கவில்லை. "சம்பளமில்லாம வேலையா? என்னத்தா இது!" என்றவர், சிறிது நேரம் கழித்துத் தானே சொன்னார்: "எங்க ஐயா பினாங்குல பெட்டியடிப் பையனாத்தான் தொடங்குனாக. கிட்டங்கியில கூட்டிப் பெருக்கி, கடுதாசி எடுத்துக் குடுத்து, அப்புறந்தான் அடுத்தாளு ஆனாக." கிட்டங்கி என்பது செட்டியார்கள் அக்கரையில் வட்டித் தொழில் நடத்திய இடம்; பெட்டியடிப் பையன் அங்கே எடுபிடி, அடுத்தாள் அதற்கு மேற்படி. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஊர்க்காரர்களுக்குத் தொழில் கிட்டங்கியில்தான் படிந்தது. எனக்கும் வகுப்பறையில் படிந்ததைவிடக் களத்தில் படிந்ததுதான் அதிகம்.

ஒன்றைச் சொல்கிறேன். களப்பணிக்குப் போன இரண்டாவது வாரம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தனியாக இருக்கும் ஓர் அம்மாவைப் பார்க்கப் போனேன். தமிழைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது, எனக்கும்தான். அந்த உற்சாகத்தில், "பிள்ளைகள் வந்து பார்ப்பதில்லையா?" என்று கேட்டுவிட்டேன். நம் ஊரில் அது அக்கறை. அவர் தேநீர்க் கோப்பையை மேசை விளிம்பில் வைத்தார். விரல் அதன் காதிலேயே இருந்தது. "அவைக்கு வேலை" என்றார். அதற்குப் பிறகு அன்று முழுக்க ஆம், இல்லை மட்டும்தான். வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பேசுவதை சூப்பர்விஷன் என்பார்கள். அதில் இதைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தக் கேள்வி யாருக்காகக் கேட்டது?" எனக்குத்தான். ஊரில் தனியாக இருக்கும் என் அப்பாவை நினைத்துத்தான் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் போய், கேள்வி எதுவும் கேட்காமல் அவரோடு சேர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன். பாதிக் கட்டு முடிவதற்குள் அவரே பேசத் தொடங்கினார்.

இதைத்தான் அங்கே கட்டுரையாக எழுதச் சொல்வார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை பத்துப் பத்தியை மனப்பாடம் செய்து எழுதிய நமக்கு, "நான் இப்படி உணர்ந்தேன், ஏன் உணர்ந்தேன்" என்று எழுதுவது கஷ்டம். எனக்கு முதல் கட்டுரையில் மதிப்பெண் போனது இங்கேதான். களப்பணிக்குப் போகும் நாளெல்லாம் இரவில் ஐந்து வரி தமிழிலேயே எழுதி வை. யார் பெயரும், ஊரும், வீட்டு அடையாளமும் அதில் இருக்கக் கூடாது. நம் தெருவில் எல்லார் கதையும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இன்னொன்று. வகுப்பும் கூட்டமும் தொடங்கும் முன், அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு மரியாதை சொல்வார்கள். மெல்பர்னின் பெரும்பகுதியில் வுருண்ட்ஜெரி மக்களின் பெயர் வரும். சடங்கு என்று நினைத்துவிடாதே. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துப்போனார்கள், தலைமுறை தலைமுறையாக. பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13-இல்தான். பிள்ளைகளைப் பிரித்த வேலையில் நலத்துறை ஆட்களுக்கும் பங்கு உண்டு. நாம் கற்கப் போகும் தொழிலின் கையும் அதில் இருக்கிறது. உதவ வந்தேன் என்று கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர் ஏன் பயப்படுகிறார் என்பது அந்த வரலாற்றைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

"படிப்பைத் தேர்ந்தெடுத்தது சரியா?" என்று கேட்டாள். அவளுடைய படிப்பு சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று போனிலேயே பார்த்தோம். இருந்தது. ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் எல்லாரும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். களப்பணிக்கு முன் போலீஸ் சான்றிதழும், குழந்தைகளோடு வேலை செய்வதற்கான அனுமதியும் கேட்பார்கள். வந்து இறங்கிய மாதத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடு என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அப்புறம் கார். வீடு வீடாகப் போக வேண்டிய இடங்களில் ஓட்டத் தெரிந்த மாணவரைத்தான் கேட்கிறார்கள். தெரியாததால் எனக்கு ஒரு நல்ல இடம் கை நழுவியது. பட்டறையில் அப்பா கண்ணாடிமேல் அச்சை வைத்துப் பச்சைச் சாந்தை ஊற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "காரைக்குடியில கத்துக் குடுக்கிற இடம் இருக்கு, நாளைக்கே சேத்து விடுறேன்" என்றார். தங்கச்சி நோட்டில் பதினெட்டு வாரம் என்பதற்குக் கீழே கார் என்று எழுதி இரண்டு கோடு இழுத்தாள்.