பொம்மைக்கும் மானம் உண்டு

நேற்று ராத்திரி 'தி டார்க் கிரிஸ்டல்' மறுபடியும் பார்த்தேன். 1982இல் ஜிம் ஹென்சனும் ஃபிராங்க் ஓஸும் சேர்ந்து இயக்கிய படம். முதலிலிருந்து கடைசிவரை ஒரு மனித முகம்கூட வராது, எல்லாமே பொம்மைகள். ஆனால் குழந்தைப் படம் என்று நினைத்து உட்கார்ந்தால் முதல் பத்து, பதினைந்து நிமிடத்திலேயே ஒரு சாவு.

ஸ்கெக்ஸிஸ் என்று ஒரு கூட்டம். பாதிக் கழுகு, பாதிப் பல்லி மாதிரி, அழுக்கேறிய பட்டுத் துணிகளை அடுக்கடுக்காகச் சுற்றிக்கொண்டு திரிகிறவர்கள். அவர்களுடைய பேரரசன் படுக்கையில் கிடக்கிறான், மற்றவர்கள் சுற்றி நின்று எப்போது போவான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவன் செங்கோலைத் தொடப்போனதும் கிழவன் வெடுக்கென்று அதைப் பிடித்துக்கொள்கிறான். அப்புறம் அந்த முகம் காய்ந்த மண் மாதிரி உதிர்ந்து விழுகிறது. கம்ப்யூட்டரில் செய்த எந்தச் சாவும் என்னை இப்படி உலுக்கியதில்லை. இங்கே உதிர்வது நிஜமாகவே ஒரு பொருள், யாரோ கையால் செய்த பொருள்.

பொம்மைக்கு எடை இருக்கிறது, எனக்கு அதுதான் விஷயமே. கார்திம் என்கிற வண்டு மாதிரியான படைவீரர்களின் உடுப்பு அவ்வளவு கனமாம், உள்ளே இருந்தவர்களைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை உடுப்போடு சட்டத்தில் தொங்கவிட்டு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கனம் அதுகள் நடக்கிற நடையிலேயே தெரியும்.

குறையும் இருக்கிறது. நாயகன் ஜென் மனித சாயலில் இருப்பதாலோ என்னவோ, அவன் முகத்தில் உயிர் கம்மி. விகாரமான முகங்கள்தான் நன்றாக நடிக்கின்றன. மற்றபடி, குழந்தைகள் எப்போதும் பயமில்லாமலே இருப்பது நல்லதில்லை என்று ஹென்சன் நினைத்தார், அதனால்தான் படத்தில் இவ்வளவு இருட்டு. 2019இல் வந்த முன்கதைத் தொடரிலும் அந்த இருட்டை விட்டுவிடாமல் வைத்திருந்தார்கள், அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, என் மனதை விட்டுப் போகாத இடம் வேறொன்று. பதவிப் போட்டியில் தோற்ற சேம்பர்லின் என்கிற ஸ்கெக்ஸிஸை மற்றவர்கள் பிடித்து, உடைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து உருவுகிறார்கள். அத்தனை துணிக்குள்ளே எலும்பும் தோலுமாக ஒரு சின்ன உடம்பு. படுபாவிதான், சூழ்ச்சிக்காரன்தான். ஆனாலும் அவன் முனகிக்கொண்டே வெளியே போகும்போது, யாராவது அவனுக்கு ஒரு துணியைக் கொடுக்க மாட்டார்களா என்று ஒவ்வொரு தடவையும் எனக்குப் பதறுகிறது.