எம்எக்ஸ்-5 எஞ்சினுக்கு ஆயில் சீல், பேக்கிங்: காரின் பெயரைச் சொல்லாமல் வாங்குங்கள்

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 (ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா) இன்று ஓடுகிறதென்றால், எங்கேயாவது எண்ணெய் கசியும். எஞ்சினில் குறை இல்லை. முப்பது வருஷம் சூட்டில் வெந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும், அவ்வளவுதான். மாற்றுவதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. கடையில் போய் "எம்எக்ஸ்-5-க்கு" என்று கேட்பதால்தான் செலவு கூடுகிறது.

அந்த எஞ்சின் இந்தக் காருக்காகப் பிறந்ததே அல்ல. 1.6 லிட்டர் பி6 (1597 சிசி), பின்னால் வந்த 1.8 லிட்டர் பிபி (1839 சிசி) இரண்டும் மாஸ்டா 323 என்ற சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சின் வகையைச் சேர்ந்தவை. பிபி எஞ்சின் 1991-96 ஃபோர்டு எஸ்கார்ட் ஜிடி-யிலும், ஆஸ்திரேலியாவின் ஃபோர்டு லேசரிலும், 1990-களின் கியா செஃபியா 1.8-லும் இருந்தது. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சீல், முன் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சீல், வால்வு ஸ்டெம் சீல் போன்றவை பெரும்பாலும் பொது. பழைய கியாவுக்கு என்று கேட்டால் ஒரு விலை, ஸ்போர்ட்ஸ் காருக்கு என்று கேட்டால் வேறு விலை. பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. 323-இல் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், எம்எக்ஸ்-5-இல் நீளவாக்கில். அதனால் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) வேறு, தண்ணீர் போகும் வழியும் வேறு. 323-இல் ஹெட்டின் (சிலிண்டர்களுக்கு மேல் உட்காரும் பாகம்) பின்பக்கம் இருந்த தண்ணீர் வாயை இந்தக் காருக்காக முன்பக்கம் கொண்டுவந்தார்கள். ஆகவே ஹெட் கேஸ்கெட், சம்ப் பேக்கிங், தெர்மோஸ்டாட் பக்கத்துப் பேக்கிங் மூன்றையும் கடையில் வாங்குவதானால் எம்எக்ஸ்-5 எண்ணிலேயே வாங்குங்கள். பி6 என்று மட்டும் சொன்னால் ஒற்றைக் கேம் எஞ்சினுடையதைத் தந்துவிடுவார்கள். இரட்டைக் கேம், 16 வால்வு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாஸ்டா பார்ட் நம்பரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த நான்கு குறி, இரண்டு இலக்கம், மூன்று இலக்கம் என்று மூன்று துண்டாக இருக்கும். முதல் துண்டு எந்த எஞ்சின் அல்லது மாடலுக்காக அந்தப் பாகம் முதலில் வரையப்பட்டது என்பதைச் சொல்லும். பின்னிரண்டும் என்ன பாகம் என்பதைச் சொல்லும்: 10-271 ஹெட் கேஸ்கெட், 10-235 டேப்பட் கவர் (ஹெட்டின் மேல்மூடி) பேக்கிங். முதல் துண்டு 323 எண்ணாகவே இருந்தால், அந்தப் பாகம் 323-இலிருந்து அப்படியே எடுத்தது என்று தைரியமாக நம்பலாம். கடைசியில் ஒட்டும் ஏ, பி போன்ற எழுத்து திருத்தப்பட்ட பதிப்பைக் குறிக்கும். பிந்திய எழுத்தைத்தான் வாங்க வேண்டும்.

எதையும் வாங்கும் முன் பிசிவி வால்வை (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இழுத்தெடுக்கும் சின்ன வால்வு) பாருங்கள். டேப்பட் கவரில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகியிருக்கும். கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். ஹோஸோடு சேர்த்து, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது வால்வின் வாயை விரலால் மூடினால் உள்ளே இழுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி நல்ல சீலிலும் எண்ணெயைத் தள்ளும். புதுச் சீல் போட்டும் ஒரே மாதத்தில் கசிகிறது என்று புலம்புபவர்கள் பலருக்கு இதுதான் காரணம். வால்வோடு அந்த ரப்பர் வளையத்தையும் மாற்றுங்கள். அதுவும் கல்லாக இறுகியிருக்கும்.

அடுத்தது, இந்தக் காரில் மிக அதிகமாகத் தவறாகக் கணிக்கப்படும் கசிவு. பெல் ஹவுசிங் (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறை) அடியில் எண்ணெய் சொட்டினால் பின் கிராங்க் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிவிடுவார்கள். பொறுங்கள். ஹெட்டின் பின்புறம், ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) ஒட்டி, கேம் தண்டின் நிலையைக் கணிக்கும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் ஓ-ரிங் இறுகினால் எண்ணெய் கீழே இருக்கும் ஹீட்டர் ஹோஸின் மேல் வழிந்து, அங்கிருந்து பெல் ஹவுசிங்கில் இறங்கும். எண்ணெயில் ஊறிய ஹோஸ் உப்பிப்போய் ஒருநாள் தண்ணீரையும் கொட்டிவிடும். பின்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவி, காயவைத்து, டால்கம் பவுடர் தூவி இருபது நிமிஷம் ஓட்டுங்கள். பவுடரில் ஈரக்கோடு மேலிருந்து தொடங்கினால் குற்றவாளி இந்த ஓ-ரிங்தான்.

சென்சாரின் தலைக்கும் ஹெட்டுக்கும் குறுக்காக ஒரு கோடு கீறி வைத்துவிட்டு, 12 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, இப்படியும் அப்படியும் அசைத்தபடி இழுத்தால் வெளியே வரும். கேம் தண்டைப் பிடிக்கும் சென்சாரின் நாக்கு மையம் தள்ளி இருப்பதால் திரும்ப ஒரே விதமாகத்தான் உட்காரும். பழைய வளையத்தை அளந்து புதிது வாங்காதீர்கள். நசுங்கி, சதுரமாகி, சில இடத்தில் உப்பியும் இருக்கும். அது சொல்லும் அளவு பொய். வெர்னியரால் இரண்டு அளவு எடுங்கள்: சென்சாரில் வளையம் உட்காரும் பள்ளத்தின் அடி விட்டம், ஹெட்டில் துளையின் விட்டம். இரண்டின் வித்தியாசத்தில் பாதிதான் வளையம் நிரப்ப வேண்டிய இடைவெளி.

உதாரணத்துக்குப் பள்ளம் 30, துளை 36 என்று வந்தால் இடைவெளி 3 மி.மீ. ஜப்பானிய ஜேஐஎஸ் அளவில் பி30 வளையத்தின் உள்விட்டம் 29.7, தடிமன் 3.5. பள்ளத்தில் ஏற்றும்போது 1 சதவீதம் நீளும், உட்கார்ந்ததும் சுமார் 14 சதவீதம் நசுங்கும். இதுதான் சரியான பொருத்தம். பி வரிசையில் பி10ஏ முதல் பி22 வரை தடிமன் 2.4, பி22ஏ முதல் பி50 வரை 3.5. ஜி வரிசையில் ஜி25 முதல் ஜி145 வரை 3.1. அங்குல அளவு வரிசையிலோ 2.62, 3.53 என்று போகும். 3.5-க்குப் பதில் 3.53 போட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் 2.5 மி.மீ. இடைவெளியில் 3.1 இருக்க வேண்டிய இடத்தில் 3.53 போட்டால் கிட்டத்தட்ட 29 சதவீதம் நசுங்கும். செருகும்போதே துளையின் விளிம்பு அதைச் சீவிவிடும், மறுபடியும் அதே கசிவு.

சென்சாரைத் திரும்பப் போட்டதும் டைமிங் லைட் வைத்து இக்னிஷன் டைமிங்கைப் பார்த்துவிடுங்கள். டயக்னாசிஸ் பெட்டியில் டென் (TEN), ஜிஎன்டி (GND) என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்தால் ஐடிலில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னதாக இருக்க வேண்டும்.

என்ன ரப்பர் என்பதில் ஏமாறாதீர்கள். குழாய் சாமான் கடையில் கிடைக்கும் கறுப்பு வளையம் ஈபிடிஎம் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீருக்கு அது அருமையான ரப்பர், எஞ்சின் எண்ணெயில் ஊதிப்போகும். எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல் போதும், சூடு அதிகமென்றால் வைட்டான். பழுப்பு நிறம் இருந்தாலே வைட்டான் என்று நம்ப முடியாது. நகைத் தராசில் வைத்துப் பாருங்கள்: அதே அளவு நைட்ரைல் வளையத்தைவிட வைட்டான் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனக்கும்.

ஆயில் சீலில் எங்கே சிக்கனம் பிடிக்கலாம் என்பதைத் தண்டு சுற்றும் வேகம் சொல்லிவிடும். கிராங்க் நிமிஷத்துக்கு 7000 சுற்று சுற்றும்போது, 35 மி.மீ. தண்டின் மேற்பரப்பு வினாடிக்கு 12.8 மீட்டர் ஓடும். நைட்ரைலுக்கு அது எல்லைக்கோடு. கேம் பாதி வேகம்தான் சுற்றும். 32 மி.மீ. தண்டானாலும் 6 மீட்டரைத் தாண்டாது. பின் கிராங்க் சீல் உட்காரும் தண்டு 80 மி.மீ. அளவென்றால் வேகம் 29 மீட்டருக்கு மேல். ஆகவே கேம் சீல்களை, பழைய சீலின் மேல் அச்சிட்டிருக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் குறித்துக்கொண்டு, பேரிங் விற்கும் கடையிலேயே வாங்கலாம். முன் கிராங்க்குக்கு அதே கடையில் வைட்டான் மட்டும். பின் கிராங்க்குக்கு என்ஓகே, கார்டெகோ போன்ற பெயர் தெரிந்த தயாரிப்பு அல்லது மாஸ்டாவுடையதே. கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் இறக்கிவிட்டுப் போடும் பொருளில் நாலு காசு மிச்சம் பிடிப்பது வீண்.

கிராங்க் சீல்களின் லிப்பில் (தண்டைத் தொடும் ரப்பர் விளிம்பு) சாய்வான மெல்லிய வரிகள் இருக்கும். தண்டு சுற்றும்போது அவை எண்ணெயை உள்ளே தள்ளும். அதனால் முன் சீலுக்கும் பின் சீலுக்கும் திசை எதிரெதிர். அளவு ஒத்துப்போனாலும், சீலின் மேல் சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி மாறியிருந்தால் எண்ணெயை வெளியே இறைத்துவிடும். வரி இல்லாத சாதாரண லிப் எந்தத் திசைக்கும் ஆகும்.

ஏலத்தில் "1990-இல் தயாரித்த ஒரிஜினல், பெட்டி பிரிக்காதது" என்று வரும் சீல்களைக் கண்டு மயங்க வேண்டாம். ரப்பர் பெட்டிக்குள்ளும் வயதாகும். சேமித்து வைப்பதற்கான ஐஎஸ்ஓ 2230 தரம் நைட்ரைலுக்கு 7 வருஷம், வைட்டானுக்கு 10 வருஷம் என்று வைத்திருக்கிறது. லிப்பை விரலால் வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். உலோகப் பாகங்களுக்குப் பழைய சரக்கு நல்லது, ரப்பருக்குக் கூடவே கூடாது.

தெர்மோஸ்டாட் ஹவுசிங் மாதிரி சின்னப் பேக்கிங்குகளை 0.5 அல்லது 0.8 மி.மீ. பேக்கிங் தாள் வாங்கி வீட்டிலேயே வெட்டலாம். தாளை ஹவுசிங்கின் மேல் வைத்து, உருண்டைத்தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுக மெல்லத் தட்டினால் அச்சு விழும். அலுமினிய விளிம்பு மழுங்காதபடி தட்டவேண்டும். சம்ப் டிரெயின் போல்ட்டுக்கு 14 மி.மீ. செம்பு வாஷர் போட்டிருந்தால், சிவக்கச் சுட்டு தண்ணீரில் போட்டெடுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

டேப்பட் கவர் பேக்கிங்கில் கசிவு பெரும்பாலும் மூலைகளில்தான். முன் கேம் மூடிகளும் பின்னால் அரைவட்டமும் ஹெட்டைத் தொடும் இடங்களில் மட்டும் கடுகளவு ஆர்டிவி சிலிகான் பசை வைத்தால் போதும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். போல்ட்டுகளுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர்தான். கசிகிறதே என்று மேலும் முறுக்கினால் ரப்பர் பிதுங்கும், கசிவு கூடும். ஆயில் பம்ப், சம்ப் பக்கம் சிலிகானை அள்ளிப் பூசாதீர்கள். உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் ஆயில் வடிகட்டி வலையை அடைத்தால் பேரிங் போய்விடும்.

பழைய சீலை நெம்பும்போது ஸ்க்ரூ டிரைவர் தண்டில் பட்டு ஒரு கீறல் விழுந்தாலும் புதுச் சீல் கசியும். தண்டில் நகம் மாட்டும் அளவு பள்ளம் தேய்ந்திருந்தால், புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னாலோ பின்னாலோ உட்காரவைத்து லிப் புது இடத்தைத் தொடும்படி செய்யலாம். அடிக்கும் முன் லிப்பின் உட்பக்கம் கிரீஸ் நிரப்புங்கள். லிப்பை இறுக்கிப் பிடிக்கும் சுருள் கம்பி கழன்று விழாது, முதல் சுற்றில் லிப்பும் கருகாது. டெஃப்ளான் லிப் வைத்த சீலுக்கு மட்டும் கிரீஸும் எண்ணெயும் ஆகாது, உலர்வாகவே போட வேண்டும்.

முழு செட் வாங்கலாமா? ஹெட்டை இறக்குவதாக இருந்தால் ஹெட் செட் லாபம். 16 வால்வு சீல், கேம் சீல், மேனிஃபோல்ட் பேக்கிங் எல்லாம் சேர்ந்து தனித்தனி விலையைவிடக் குறைவாக வரும். டைமிங் பெல்ட் மட்டும் மாற்றுவதாக இருந்தால் இரண்டு கேம் சீல், ஒரு முன் கிராங்க் சீல், டேப்பட் கவர் பேக்கிங், சென்சார் ஓ-ரிங் ஆகியவற்றைத் தனியாக வாங்குங்கள். செட்டை ஆர்டர் செய்யும்முன் படத்தைப் பெரிதாக்கி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். சென்சார் ஓ-ரிங் பல செட்டுகளில் இருப்பதில்லை.

எல்லாம் போட்டு முடித்த பின் முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை டார்ச் அடித்து ஹெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். எண்ணெய் பட்ட ஹீட்டர் ஹோஸை விரலால் அமுக்குங்கள். கொழகொழவென்று இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.