கருப்பனுக்கும் மணிக்கும் நடுவே ஒரு கதவு

மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் என் நாய்கள் இரண்டும் ஒரே அறையில் தூங்குகின்றன. சத்தம் போடாமல் இதை எழுதுகிறேன்.

நாலு வருடம் ஒன்றாக வளர்ந்தவை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டுக்காகக் கருப்பன் மணியின் காதைக் கடித்துவிட்டான். பதறிப்போய் நடுவில் கையை விட்டேன். கடி எனக்கும் விழுந்தது, ஊசியும் போட்டாயிற்று. (மேலே போர்வையை வீசலாம், நடுவில் பலகையை நுழைக்கலாம். கை மட்டும் கூடவே கூடாது.)

இதைவிடப் பெரிய தப்பு முன்பே செய்திருக்கிறேன். கருப்பன் உறுமும்போதெல்லாம் அதட்டி அடக்கினேன். உறுமல் என்றால் ‘கிட்ட வராதே’ என்ற எச்சரிக்கை. அதை அடக்கினால் கோபம் போகாது, எச்சரிக்கைதான் போகும்.

அப்புறம் கால்நடை மருத்துவர் சொன்னார், அவனுக்கு இடுப்பு மூட்டில் வலியாம். மணி விளையாட்டாக மேலே விழுந்தாலும் அவனுக்கு உயிர் போயிருக்கும். நானோ ‘யார் பெரியவன்’ சண்டை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

வலிக்கு மருந்து, தனித்தனி அறையில் சாப்பாடு. பொம்மைகளை ஒளித்து வைத்தாயிற்று. நடைக்கு மட்டும் சேர்ந்தே போனோம். ஆளுக்கொரு கயிறு, எட்ட எட்ட, ஒரே திசையில். நாளுக்கு நாள் இடைவெளியைக் குறைத்தோம். உடம்பு விறைத்து, கண் வெறித்தால் உடனே விலகல். ஒருநாள் அவசரப்பட்டு நெருங்கவிட்டதில் மறுபடி முதலிலிருந்து.

இப்போது மணியின் தலை கருப்பனின் வால்மேல். நாங்கள் வெளியே போகும்போது மட்டும் கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கும்.