பிராட்ஹெட்: பிக்சடா, மெக்கானிக்கலா? எய்து பார்த்த கணக்கு

அயித்தான் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில். செப்டம்பர் நடுவில் அங்கே வில் வேட்டை தொடங்கிவிடும். லைசென்ஸ் எடுத்து, மரத்தில் மேடை மாட்டி உட்கார்ந்து வெள்ளைவால் மான் அடிப்பார். நம்மூரில் 1972 வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அதனால் எனக்கு இலக்கு அட்டையோடு சரி. ஆனால் வில்லைப் பிரித்து மாட்டும் பித்து எனக்கு உண்டு என்று அவருக்குத் தெரியும். லீவில் காரைக்குடி வந்தவர், வேட்டை அம்பின் நுனியில் மாட்டும் பிளேடு வைத்த முனை, அதாவது பிராட்ஹெட், ரெண்டு வகையில் ரெண்டு டப்பாவைக் கையில் கொடுத்து, "எனக்கும் பாப்பாவுக்கும் எது தோதுன்னு நீயே எய்து பார்த்துச் சொல்லு தம்பி" என்றார்.

ரெண்டுமே 100 கிரெய்ன் (அம்பு எடைக்கான அளவு, ஆறரை கிராம் பக்கம்). பிக்சட்டில் மூன்று பிளேடு, எப்போதும் திறந்தே நிற்கும்; வெட்டு அகலம் 1 அங்குலம் 1 நூல் (8 நூல் ஒரு அங்குலம்). மெக்கானிக்கல் ரெண்டு பிளேடு. பறக்கும்போது மடங்கியிருக்கும், பட்டதும் 2 அங்குலத்துக்கு விரியும். விஸ்கான்சினில் மானுக்குக் குறைந்தது 7 நூல் அகலம் வேண்டும், ரெண்டும் அதைத் தாண்டுகின்றன.

முதலில் பேப்பர் சோதனை: அம்பு கோணாமல் நேராகப் போகிறதா என்று பேப்பரில் எய்து ஓட்டையைப் பார்ப்பது. அதற்கு எங்கள் வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு என்று வாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில். பின்வாசலைச் சாத்தினால் காற்றும் இல்லை. ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுந்தால் வில்லை அடுப்பில் வைப்பேன் என்று ஆத்தா சொல்லிவிட்டதால் வீட்டுக்குள் ஃபீல்ட் பாயிண்ட் எனும் பிளேடு இல்லாத சாதா பயிற்சி முனை மட்டும். சட்டத்தில் ஒட்டிய நியூஸ்பேப்பரில் முனைக்கு ஒரு ஓட்டை, இறகுக்கு மூன்று கீறல் என்று சுத்தமாக விழுந்தது.

அப்புறம் தோப்பு. ஃபோம் இலக்குக்குப் பின்னால் ஆளுயரச் செம்மண் மேடு. 20 கஜத்தில் எல்லாம் ஒரே இடம். 40 கஜத்துக்குப் பின்வாங்கியதும் குட்டு வெளிப்பட்டது. மெக்கானிக்கல் ஃபீல்ட் பாயிண்ட்டோடு ஒட்டிக்கொண்டே போக, பிக்சட் மட்டும் நாலு விரல் இடதுபக்கம் விழுந்தது. பிளேடு திறந்தே இருப்பதால் அதுவும் ஒரு இறக்கைதான். அம்பு துளி கோணினாலும் முன்னால் இருக்கும் இறக்கை காற்றைப் பிடித்துத் தன் போக்கில் இழுக்கும். பேப்பரில் தெரியாத கோணல் இங்கே தெரிந்துவிடும். பிராட்ஹெட்டை எந்தப் பக்கம் கொண்டுவர வேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்ட்டை (வில்லில் அம்பு உட்காரும் தாங்கி) நகர்த்த வேண்டும். கால் நூல் கால் நூலாக வலப்பக்கம் தள்ளத் தள்ள, ரெண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. இந்த வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் பாதிப் பேர் மெக்கானிக்கலுக்குப் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

கறிக்கடையில் விலாவோடு ஆட்டுத்தோல் வாங்கி ஃபோம் மேல் இறுக்கிக் கட்டினேன். பிக்சட் மூன்று முனை நட்சத்திரம் போல ஓட்டை போட்டு, இறகு வரைக்கும் உள்ளே போய்விட்டது. ஓட்டையைச் சுற்றி மயிர்கூட சவரம் செய்ததுபோல அறுபட்டிருந்தது. மெக்கானிக்கல் போட்டது நீளமான கிழிசல், ரெண்டு விரல் தாராளமாக நுழையும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சாண் ஆழம் குறைவு. பிளேடை விரிக்கவே கொஞ்சம் வேகம் செலவாகிவிடுகிறது.

2 அங்குலம் என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். மூன்று பிளேடு பிக்சட்டில் ஒவ்வொரு பிளேடும் நாலரை நூல். மூன்றையும் கூட்டினால் பதின்மூன்றரை நூல் அறுப்பு. மெக்கானிக்கலில் 16 நூல். வித்தியாசம் அவ்வளவுதான்.

தோலைச் சாய்த்துக் கட்டி, மான் திரும்பி நிற்கும் கோணத்தில் எய்தபோது மெக்கானிக்கலில் ஒரு பிளேடு முதலில் மாட்டி, அம்பின் வால் பக்கம் எகிறியது. விலாவில் பட்ட பிளேடு வளைந்தும் போனது. மடக்கிப் பிடிக்கிற ரப்பர் வளையம் நம்மூர் வெயிலில் வெடித்துவிட்டது, அது தனி எரிச்சல்.

என் வில்லின் இழுவிசை 60 பவுண்டு, அம்பு 420 கிரெய்ன், வினாடிக்கு 260 அடி வேகம். அம்பு மோதும் ஆற்றல் அடி-பவுண்டு கணக்கில் 63 வருகிறது. அயித்தான் வில்லும் ஏறக்குறைய இதே கணக்கு. பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு எந்த முனையும் தாராளம். பாப்பா இழுப்பது 42 பவுண்டு. சட்டம் கேட்கும் இழுவிசை 30 பவுண்டுதான் என்றாலும், அவள் அம்பின் ஆற்றல் 37 அடி-பவுண்டு பக்கம்தான் வருகிறது. அவளுக்குப் பிக்சட்தான், பேச்சே இல்லை.

அயித்தானுக்கும் பிக்சட்டையே சொன்னேன். அவருக்கு அந்த அகலமான கிழிசல்மேல் ஆசை; அடிபட்ட மான் ஓடினாலும் ரத்தத் தடம் நன்றாகத் தெரியும் என்கிறார். நியாயம்தான். சரி, மான் பக்கவாட்டில் நின்றால் மட்டும் மெக்கானிக்கலை எய்யுங்கள், சாய்ந்து நின்றால் பிக்சட் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறேன். ஃபோமில் எய்த பிளேடெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. சீசனுக்கு முன் புதுசு மாற்றி, தன் வில்லிலேயே 40 கஜத்தில் ஒருமுறை எய்து பார்த்துவிட்டுப் போன் பண்ணுகிறேன் என்றிருக்கிறார்.